கொல்லைப்புறத்துக் கோடை

அறுபது வயது வரை அலீடா தன் சொந்த வீட்டில் ஒரு ஜூலை மாதம்கூடத் தூங்கியதில்லை. பிறந்ததே கொல்லையில் இருந்த பலகைக் கொட்டகையில்தான். அவளுடைய அம்மாவுக்கு வலி எடுத்த அன்று வீட்டுக்குள் ஓர் ஆம்ஸ்டர்டாம் வக்கீல் குடும்பம் வாடகைக்கு இருந்ததாம். "விருந்தாளிங்க தூங்கறாங்க, சத்தம் போடாம பெத்துக்க" என்று மருத்துவச்சி அதட்டியதாக ஊரில் ஒரு கதை உண்டு. நான் நம்பியதில்லை. அலீடா நம்பினாள். அன்றைக்கு அடக்கி வைத்த சத்தமெல்லாம்தான் இப்போது வாய் வழியாக வருகிறது என்று, யாரையாவது திட்டி முடித்ததும் சொல்லுவாள்.

ஹாலந்துக் கடலோரத்துச் சான்ட்ஃபோர்ட்டில் அப்போது எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். மே கடைசிவாக்கில் பெந்தெகொஸ்து பண்டிகை வருவதற்குள் வீட்டைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, நல்ல திரைச்சீலைகளை மாட்டிவிட்டு, தங்கள் மெத்தைகளை மட்டும் சுருட்டிக்கொண்டு குடும்பம் பின்னால் போய்விடும். கோடை முழுவதும் முன்வீடு கடல் குளிக்க வருகிறவர்களுக்கு. செப்டம்பர் நடுவில் கடைசி ஆள் ரயில் ஏறிய பிறகுதான் மறுபடி உள்ளே வருவார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் ஊரில் விருந்து மூன்று மாதம். மிச்ச வருஷத்துக்கு மருந்து வாங்குவது அந்த வரும்படியில்தான். ஜூலையில் தெருவின் முன்பக்கம் ஜெர்மன் பேசும், பின்பக்கம் எங்கள் பாஷை பேசும்.

பிற்காலத்தில் விருந்தாளிகளெல்லாம் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போய்விட்டார்கள். முதல் தடவையாக ஒரு ஜூலையில் அலீடா முன்கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தாள். காபி ஆறுவதற்குள் எழுந்துவிட்டாள். "யார் வீட்லயோ வந்து உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோப்பையோடு பின்னால் போய்விட்டாள்.

அவள் காலமாகி நாலு வருஷமாகிறது. போன வாரம் பேப்பரில் ஒரு விளம்பரம்: "ஆம்ஸ்டர்டாமுக்கு வருகிறீர்களா? கடலோரத்தில் தங்குங்கள். பகலில் நகரம், மாலையில் அலை." ஏதோ இவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த யோசனையை ஐம்பத்தேழாம் வருஷமே செய்தவன் நான். செய்து, ஊர் முழுக்கக் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நான்தான். அலீடா இருந்திருந்தால் அந்தப் பேப்பரில் கருவாடு சுற்றியிருப்பாள்.

நான் வடக்கே க்ரோனிங்கன்காரன். கப்பல் வரைபடம் போடுகிற வேலை. அந்தக் கோடைக்கு என்னை ஆம்ஸ்டர்டாம் பட்டறைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் நகரத்தில் ஓர் அறை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. ஓர் அம்மாள் காட்டிய அறையில் ஜன்னலைத் திறந்தால் கால்வாய் நாற்றம், மூடினால் போர்வை நாற்றம். இன்னொருத்தி சனிக்கிழமை மட்டும்தான் குளிக்கலாம் என்றாள். மூக்கு சுத்தமாகட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிக் கடலுக்குப் போனேன். அரைமணி நேரப் பயணம். ஹார்லெம் தாண்டியதும் உப்புக் காற்று பெட்டிக்குள் வந்துவிட்டது. நகரத்தில் வேலை பார்க்கிறவன் நகரத்தில்தான் தூங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

சர்ச்சுக்குப் பின்னால், குறுகலான தெருவில், ஒரு ஜன்னலில் "அறை வாடகைக்கு" என்று அட்டை தொங்கியது. கதவைத் திறந்தவள் அலீடா. முப்பத்தாறு வயது, விதவை. என்னைவிட மூன்று வயது பெரியவள். அதைக் கடைசி வரை சொல்லிக்காட்டினாள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"செப்டம்பர் வரைக்கும்."

"அம்புட்டு நாளா? நெஞ்சு வியாதியா?"

"இல்லைங்க. ஆம்ஸ்டர்டாம்ல வேலை. தெனம் ரயில்ல போயிட்டு வந்துருவேன்."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கறவன்லாம் அங்கேர்ந்து இங்க வர்றான். நீங்க இங்கேர்ந்து அங்க போறீங்களாக்கும்? அப்போ எங்க கடல் உங்களுக்கு ராத்திரி விசிறி, அவ்வளவுதானா?"

பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அவள் தம்பி க்ரைன். கல்யாணமாகாதவன், கடற்கரையில் பிரம்பு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். "அக்கா, விட்றாத. பகல் பூரா வீட்லயே இல்லாத விருந்தாளி. சாமிகிட்ட வரம் கேட்டாக்கூட இப்படி ஒண்ணு கிடைக்காது" என்றான்.

அப்படித்தான் மாடி அறை எனக்குக் கிடைத்தது. பட்டறையில் விஷயம் தெரிந்ததும், "சீமானுக்குக் கடற்காத்து. கரும்பு தின்னக் கூலி வேறயா?" என்றார்கள். சான்ட்ஃபோர்ட்டில் கதை வேறு. அங்கே பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர். பட்டப்பெயர் இல்லாமல் தபால்கூடச் சேராது. வந்த முதல் வாரமே எனக்கு "ரயில்" என்று வைத்துவிட்டார்கள். நான் தெருவில் திரும்பும்போது ஏதாவது ஒரு கொல்லையிலிருந்து, "ரயில் வந்துருச்சு, கிழங்கை அடுப்புல வை" என்று குரல் வரும். எவர்ட் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

முன்வீட்டில் நான் ராஜா. கீழே ஜெர்மன் குடும்பங்கள் வரும், போகும். நான் ஒருவன்தான் நிரந்தரம். அலீடா தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டுத்தான் நுழைவாள். காலைக் காபியை மாடிப்படியின் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் குடித்த கோப்பையை நானே சமையலறைக்கு எடுத்துப் போனேன்; அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்ல விருந்தாளி கப்பு தூக்கறதா? வெளில தெரிஞ்சா என்னை என்ன பேசுவாங்க?" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மாலையில்தான் தொல்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் கொல்லை தெரியும். தார் பூசிய கொட்டகை, அதற்கு முன்னால் கொடியில் வரிசையாகக் காயும் தட்டை மீன் கருவாடு, திறந்தே கிடக்கும் கதவு, உள்ளே ஒரு நீள பெஞ்ச். க்ரைன் காலை நீட்டிப் படுத்திருப்பான். பக்கத்துக் கொல்லையிலிருந்து டீனா என்கிற அம்மாள் வேலியைத் தாண்டி வந்துவிடுவாள். அன்றைக்கு எந்த ஜெர்மன்காரன் வெயிலில் வெந்து போனான், எந்த வக்கீல் மனைவி தொப்பியைக் கடலில் விட்டாள் என்று கதை நடக்கும். அலீடா ஒவ்வொருவர் மாதிரியும் நடந்து காட்டுவாள். டீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்டி, எனக்கு மூத்திரம் வந்துரும்" என்று கத்துவாள். மேலே நான் வெல்வெட் நாற்காலியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பேன். காசு கொடுத்து நான் வாங்கியது வீட்டை. சந்தோஷத்தையெல்லாம் அவர்கள் மெத்தையோடு சுருட்டிப் பின்னால் கொண்டு போயிருந்தார்கள். பொறாமையாக இருந்தது. சொல்ல வெட்கமில்லை.

ஜூலையில் ஒரு மழை மாலை. ஆம்ஸ்டர்டாம் சந்தையில் நல்ல செர்ரிப் பழம் வாங்கி வந்திருந்தேன். கொட்டகையில் ஒரே சிரிப்பு. என்னால் மாடியில் இருக்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு சமையலறை வழியாகக் கொல்லையில் இறங்கி, கொட்டகைக் கதவைத் தட்டி, திறந்தேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். க்ரைன் சட்டைப் பொத்தானைப் போட்டான். டீனா வேலிப் பக்கமாக நழுவினாள். அலீடா அடுப்பில் இருந்த சட்டியின் மேல் சட்டென்று மூடியை வைத்தாள்.

"ஏதாவது குறையா சார்? தண்ணி வரலையா?"

"இல்ல... செர்ரி. உங்களுக்குன்னு வாங்கினேன்."

"ரொம்ப நன்றி சார்."

அழையா விருந்தாளியாக மழையில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மாடிக்குத் திரும்பினேன். அன்று இரவு கொட்டகையில் விளக்கு சீக்கிரமே அணைந்துவிட்டது. மறுநாள் காலைக் காபித் தட்டில் ஒரு கிண்ணம் செர்ரி ஜாம் இருந்தது. நான் கொடுத்ததையெல்லாம் எனக்கே காய்ச்சித் திருப்பிவிட்டாள்.

என்ன தப்புச் செய்தேன் என்று கடற்கரையில் க்ரைனைப் பிடித்துக் கேட்டேன். அவன் நாற்காலி மணலைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"உங்க மேல கோவமில்ல சார். அது அக்காவோட பழைய காயம். சண்டையப்ப ஜெர்மன்காரன் கடலோரத்த இடிச்சுட்டு ஊரையே காலி பண்ணச் சொன்னான்ல? அவளும் மச்சானும் கிழக்க ஒரு பண்ணை வீட்ல, பின் ரூம்ல ஒண்டிக்கிடந்தாங்க. பண்ணைக்காரி கெட்டவ இல்ல. சாப்பாடு போட்டா. ஆனா நினைச்சா உள்ள வந்துருவா. சட்டி மூடியத் திறந்து என்ன வேகுதுன்னு பார்ப்பா. மச்சான் மூச்சுக்கு இழுத்துட்டுக் கிடக்கறாரு, இவ வந்து நின்னு படுக்கை விரிப்பு கிழிஞ்சிருக்கான்னு பார்த்தாளாம். மச்சான் அங்கயே போயிட்டாரு."

"நான் தட்டினேனே?"

"தட்டினீங்க. நாங்க வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி திறந்துட்டீங்க."

நானும் ஒரு நாற்காலியின் மணலைத் தட்டினேன். பிறகு, "ஆனா அதே ஜெர்மன்காரங்களுக்கு வீட்டைக் குடுக்கறாங்களே?" என்றேன்.

"நானும் கேட்டேன். 'இப்போ காசு குடுத்து, கதவைத் தட்டிட்டு வர்றான்ல, வரட்டும்'ங்கறா. அவ கணக்கே தனி."

அதற்குப் பிறகு எனக்கு அந்த மாடி அறை பிடிக்காமல் போயிற்று. அவளைப் பிடித்துப் போயிற்று. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கொட்டகை பெஞ்சில் ஓரமாக ஓர் இடம். நான் உள்ளே வரும்போது யாரும் எழுந்து நிற்கக்கூடாது. வரைபடத்தில் கோடு போடும்போதுகூட இதே நினைப்புத்தான்.

ஆகஸ்டில் பட்டறைக்காரர்களிடம் கெஞ்சி வேலையை ஆம்ஸ்டர்டாமுக்கே மாற்றிக்கொண்டேன். க்ரோனிங்கனில் எனக்கு வரவிருந்த தலைமை வரைவாளர் பதவி இன்னொருவனுக்குப் போயிற்று. செப்டம்பரில் அலீடாவிடம் போய், குளிர்காலத்துக்கும் அறை வேண்டும் என்றேன்.

"அதெப்படி முடியும் சார்? நாங்க உள்ள வந்துருவோமே."

"நீங்களும் இருங்க, நானும் இருக்கேன்."

"கோடைல வீடு விருந்தாளிக்கு. குளிர்ல எங்களுக்கு. ரெண்டு பேருக்கும்னு ஒரு காலம் எங்க ஊர்ல கிடையாது" என்றாள். கோபமே இல்லாமல், பெட்டியைக் கொண்டுவர உதவட்டுமா என்றும் கேட்டாள்.

அந்தக் குளிர்காலத்தை ஒரு மூடிய ஐஸ்கிரீம் கடையின் மேலே இருந்த அறையில் கழித்தேன். கடலோர ஊரைக் குளிர்காலத்தில் பார்க்க வேண்டும். ஹோட்டல்களுக்குப் பலகை அடித்திருக்கும், மணல் காற்றில் பறந்து வந்து வாசல்படியில் குவியும், தெருவில் நாய்கூட நிற்காது. "கோடைல வந்தான், சரி. இப்ப எதுக்கு இருக்கான்?" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எதற்கு என்று டீனாவுக்குத் தெரியும். ரயிலடியில் என்னைப் பார்த்தால், "என்ன ரயிலு, சிக்னல் விழலையா இன்னும்?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அலீடா வீட்டுக்குப் போவேன். முன்வாசல் வழியாகத்தான் கூப்பிடுவாள். முன்கூடம், நல்ல கோப்பை, ஒரு காபி, ஒரு பிஸ்கட். அதை எடுத்ததும் டப்பாவை 'டக்' என்று மூடிவிடுவாள். எங்கள் நாட்டில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்றாலும் அவள் மூடும் சத்தம் எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்கும். பின்னால் சமையலறையில் பட்டாணி சூப் கொதிக்கிற வாசனை வரும். அங்கே க்ரைன் செருப்பில்லாமல் உட்கார்ந்து பேப்பர் படிப்பது கதவிடுக்கில் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு கேட்டேவிட்டேன். "அலீடா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

டப்பா மூடி அவள் கையிலேயே நின்றது. "நீங்க நல்ல விருந்தாளி சார்" என்றாள்.

"இது என்ன பதில்?"

"எனக்குத் தெரிஞ்ச பெரிய வார்த்தையே அதுதான். எத்தனையோ பேர் வந்துட்டுப் போயிருக்காங்க, ஒருத்தர்கிட்டயும் நான் இதைச் சொன்னதில்ல."

"எனக்கு விருந்தாளியா இருக்க வேண்டாம்."

"அதான் பயமா இருக்கு." முதல் தடவையாக அவள் குரல் இறங்கியிருந்தது. "விருந்தாளின்னா எப்படி வெச்சுக்கணும்னு எனக்குத் தெரியும். காபி குடுப்பேன், கதவைத் தட்டுவேன், செப்டம்பர்ல அனுப்பிருவேன். அன்னிக்கு நீங்க கொட்டாய்க்குள்ள வந்தீங்க, நாங்க எந்திரிச்சு நின்னோம். கால் தானா நின்னுருச்சு. கட்டிக்கிட்டதுக்கு அப்புறமும் நீங்க வர்றப்பல்லாம் நான் எந்திரிச்சு நின்னா என்ன பண்றது? அப்படி ஒரு பொழப்பு கிழக்க மூணு வருஷம் பொழைச்சாச்சு."

அன்று எனக்கு இரண்டாவது பிஸ்கட் கிடைத்தது. அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் பரிதாபப்பட்டுக் கொடுப்பவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மார்ச், ஏப்ரல் எல்லாம் அதே காபி, அதே 'டக்'.

மே மாதம் ஐஸ்கிரீம்காரன் வந்து அறையைக் காலி பண்ணச் சொன்னான். கோடை வாடகை நாலு மடங்கு. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எப்படியும் அலீடாவின் மாடி அறை இருக்கிறதே, மறுபடி விருந்தாளியாகவாவது இருந்துவிட்டுப் போவோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ரயிலடியில் க்ரைனைப் பார்த்துக் கேட்டேன்.

"மாடி ரூமா? அது போயிருச்சே. எசன்லேர்ந்து ஒரு ஜெர்மன் குடும்பம். கோடை பூராவும் பேசி முடிச்சாச்சு" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான்.

வேண்டாம் என்று நேராகச் சொல்ல வாய் வராமல் அறையை வாடகைக்கு விட்டுச் சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது. விருந்தாளியாகக்கூட வேண்டாம் போலிருக்கிறது. இனி இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? அன்றே பெட்டியைக் கட்டினேன். நகரத்தில் ஒரு கால்வாய் நாற்றத்தோடு காலம் தள்ளிக்கொள்ளலாம். ஆனாலும் சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதையில்லை என்று பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

முன்கதவு திறந்து கிடந்தது. வீடெங்கும் புது வெள்ளையடித்த வாசனை. சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவில், வாசல்படியில், ஒரு பெரிய இரட்டை மெத்தையோடு அலீடா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலையில் துணி, கன்னத்தில் சுண்ணாம்பு.

"போயிட்டு வரேங்க" என்றேன்.

அவள் என் பெட்டியைப் பார்த்தாள். "எங்க?"

"ஆம்ஸ்டர்டாம். மாடி ரூமை விட்டுட்டீங்கன்னு க்ரைன் சொன்னாரு."

"ஆமா, விட்டுட்டேன். அதுக்கு?"

"அதுக்குன்னா? எனக்கு இங்க இடமில்லன்னு புரிஞ்சுது."

அவள் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஏமாந்த ஜெர்மன்காரர்கள் மேல் பார்த்திருக்கிறேன். என் மேல் பார்த்ததில்லை.

"கப்பலுக்குப் படம் போடறவனாம், மண்டைல ஒண்ணுமில்ல! மாடி ரூம் விருந்தாளிக்கு. இந்த வீட்டு ஆளு எவனாவது கோடைல முன்னால படுத்து நீ பார்த்திருக்கியா? வெள்ளிக்கிழமை டவுன் ஹால்ல நம்ம ரெண்டு பேரு பேரும் குடுக்கணும். கல்யாணம் வரைக்கும் க்ரைனோட நாற்காலிக் கொட்டாய்ல கிட. இப்ப அந்தப் பக்கம் பிடி, எனக்குக் கை விட்டுப் போச்சு."

அவளிடமிருந்து நான் கேட்ட முதல் 'நீ' அதுதான். பெட்டியைப் போட்டுவிட்டு மெத்தையின் மறுமுனையைப் பிடித்தேன். அவள் பின்னோக்கி நடக்க, நான் முன்னோக்கி நடந்தேன். கொல்லையைத் தாண்டி, கருவாட்டுக் கொடிக்குக் கீழே குனிந்து, கொட்டகை வாசல் வரை போய்விட்டோம். அங்கே என் கால் தானாக நின்றுவிட்டது. மெத்தை இழுபட்டதும் அவள் நிமிர்ந்தாள்.

"என்ன?"

"உள்ள வரலாமா?" என்றேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. நானும் அசையவில்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்பது என்றுதான் இருந்தேன்.

"வா" என்றாள்.

கொட்டகைக்குள் இருட்டாக இருந்தது. க்ரைன் பெஞ்சில் சாய்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் டீனா. நான் நுழைந்ததை இருவரும் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. க்ரைன் நீட்டிய காலைக்கூட மடக்கவில்லை. நான்தான் தாண்டிப் போக வேண்டியிருந்தது. டீனா பாதியில் விட்ட கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மெத்தையின் என் முனை கீழே விழுந்தது.

"கீழ போடாதய்யா, மண்ணாகுது" என்றாள் அலீடா. "தூக்கு."